திருப்பிப் பார்க்கிற அக்கா

"முயலுக்குத்தானுங்க கேக்கறீங்க?"

அந்த அக்கா என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து, நாய் வேண்டும் என்று நான் போனில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிட்டார். இல்லீங்க, முயல் வேட்டைக்கு இல்லை, வளர்க்கத்தான் என்றேன். "முயலுக்குக் கேக்கறவங்களும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்று வைத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, "செரி, இப்பச் சொல்லுங்க, எதுக்கு நாயி?" என்றார். அந்த அரை மணி நேரத்தில் என் பதில் மாறியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். மாறியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. ஒல்லியான உடம்பு. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தோளில் ஒரு துண்டு, கழுத்தில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை. தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, அழுக்கு, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்க வேண்டும். தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு நிறத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தைத்தவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாயால் ஒன்றும் சொல்வதில்லை. அம்பைப் பார்த்தால் தைத்தவருக்குப் புரியும், பிரித்துத் தைத்துக்கொடுப்பார். மற்றவர்கள் முன்பக்கம் பார்த்துவிட்டு உள்பக்கம் திருப்புவார்கள். அக்கா எடுத்த எடுப்பிலேயே உள்பக்கம்தான். "முன்பக்கத்த யாரு வேணா நல்லாத் தைப்பாங்க" என்பார்.

இந்தப் பழக்கம் செக்கிங் மேஜையோடு நிற்கவில்லை. டீ குடித்து முடித்ததும் கிளாஸைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முதலில் பின்னட்டையைப் படிப்பார். நாய்க்கு ஊசி போட வந்த டாக்டரிடம் மருந்துக் குப்பியை வாங்கித் திருப்பித் தேதி பார்த்துவிட்டு, "இது நீங்க கொண்டாந்ததுதானுங்களே?" என்று கேட்டார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. மனிதர்களைத் திருப்ப முடியாது அல்லவா, அதனால் கேள்வியைத் திருப்புவார். இப்போது ஒன்று கேட்பார், பத்து நிமிஷம் வேறு பேசிவிட்டு அதையே எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார். எனக்கு இப்படிப்பட்ட ஆட்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் நானும் அதே தொழிலில், மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன்.

இன்னொரு பனியன் கம்பெனியில் நான் ஹெச்.ஆர். பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், அவர்கள் வரும்போது கம்பெனி சுத்தமாக இருக்கிறது என்று காட்டுவது என் பொறுப்பு. தீயணைக்கும் சிலிண்டர் குறைந்தால் பக்கத்துக் கம்பெனியில் இரவல் வாங்கி மாட்டுவேன், அவர்களுக்கு ஆடிட் என்றால் நம்முடையது அங்கே போகும். முதலுதவிப் பெட்டியில் புது பிளாஸ்திரி, கழிவறையில் புது சோப்பு. ஆடிட்டர் போனதும் சோப்பு அலமாரிக்குத் திரும்பிவிடும். பதினைந்து வருஷமாக இதைச் செய்கிறேன். என்னிடம் யாராவது எதையாவது காட்டினால், இது யாரிடம் இரவல் வாங்கியது என்றுதான் மனம் முதலில் கேட்கும்.

நாய்க்கு வருகிறேன். சிப்பிப்பாறை ஜாதி, செவலை நிறம், வேட்டைக்கென்றே பிறந்த நீளக் கால்கள். குண்டடம் பக்கம் முயலுக்குப் போன யாரோ, பின்னங்கால் உடைந்ததும் வாய்க்காலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா உறவுக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் பார்த்துத் தூக்கிவந்திருக்கிறார். வீடியோவில் அது காலில் கட்டோடு, மூன்றே காலில், ஒரு காக்காயைத் துரத்திக்கொண்டு ஓடியது. எனக்கு அப்போது சர்க்கரை வந்து ஒரு வருஷம். நடக்கச் சொன்ன டாக்டரிடம் தினமும் நடக்கிறேன் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று கால் ஓட்டத்தைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது. அந்த நாய் எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவ்வளவு ஆசைப்பட்டு நான் எதையும் கேட்டு வெகுநாளாயிற்று.

"செவுரு இருக்குதுங்களா, சுத்தியும்?" என்று கேட்டார் அக்கா.

இருக்கிறது என்றேன். மூன்று பக்கம் இருந்தது. பின்பக்கம் இருபத்தைந்து அடிக்கு ஒன்றுமே கிடையாது. பக்கத்துக் காட்டுக்காரரோடு சேர்ந்து எல்லையை அளந்து கல் நட்டுவிட்டுக் கட்டலாம் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்கப்பால் சோளக்காடும் கிளுவை முள்வேலியும் ஒரு பனைமரமும்தான்.

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வந்து பாக்கறனுங்க" என்றார். ஞாயிறு என்று சொல்கிறவர் சனிக்கிழமையே வருவார் என்று எனக்குத் தெரியும், நானும் அந்தப் பள்ளியில் படித்தவன்தான். வெள்ளிக்கிழமையே வேலையில் இறங்கினேன். கம்பெனி குடோனில் ஷேடு மாறிப்போய் ஒதுக்கிய துணி ரோல் ஒன்று கிடந்தது, கிரே மெலாஞ்ச் என்கிற சாம்பல் கலர். சிமெண்ட் பூசிய நிறம் அப்படியே. கம்பிக் கால் நட்டு, துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, வெளியே பச்சை வலை போட்டு, முன்னால் குரோட்டன்ஸ் செடிகளை வரிசையாக வைத்தேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் சுவர்தான். என் மனைவி சுமதி ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாயையுமா ஏமாத்தப் போறீங்க?" என்றாள்.

பனியன் துணி இழுத்தால் நீளும். ஊருக்கே அதுதான் பிழைப்பு. அதை வைத்து வேலி கட்டுகிற முட்டாள்தனம் திருப்பூர்க்காரனுக்கு மட்டும்தான் வரும்.

எதிர்பார்த்தபடி சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். காலிங்பெல்லை அடிக்கவில்லை, கேட்டுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நாயும் கூட வந்திருந்தது, காலில் கட்டைப் பிரித்தாயிற்று. சுமதியைத் தனியாக அடுப்படிக்குக் கூட்டிப்போய் விசாரித்தார். ஆடிட்டில் தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது இப்படித்தான். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். மொட்டைமாடிப் படி ஏறி இறங்கினார். அந்த நேரமெல்லாம் நாய் என் இடது பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. நான் அசையாமல் நின்றேன். அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போயிற்று.

பிறகு கொல்லைப்பக்கம் வந்து, செடி வரிசைக்கு முன்னால் நின்று, தண்ணீர் கேட்டார். நான் நொண்டிக்கொண்டே உள்ளே போய் எடுத்து வந்தேன். வாங்கிய தண்ணீரைக் குரோட்டன்ஸ் தூரில் ஊற்றிவிட்டு டம்ளரின் அடியைப் பார்த்தார்.

"செரீங்க தம்பி. ரெண்டு மாசம் உங்ககிட்ட இருக்கட்டும். அப்பறம் பாப்பம்" என்று கயிற்றைக் கையில் கொடுத்தார்.

ஆடிட் பாஸ். அன்று ராத்திரி எனக்கிருந்த சந்தோஷத்தில், எவ்வளவு பெரிய கில்லாடியையும் ஏமாற்றிவிடலாம் என்று சுமதியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். சுவரை அடுத்த வாரம் கட்டிவிடலாம் என்றும் சொன்னேன்.

நாய்க்குப் பாபின் என்று பேர் வைத்தோம், தையல் மெஷினில் சுற்றுகிற நூல் பாபின் மாதிரி நிற்காமல் சுற்றியதால். காலையில் நான் கூட்டிப்போய் மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் எனக்கு மூச்சு வாங்கும், அது வாசலுக்கும் கொல்லைக்கும் இன்னும் இருபது சுற்றுப் போகும். வயிறு ஒட்டி விலா எலும்பு தெரியும், அந்த ஜாதிக்கு அதுதான் அழகு. தெருவில் ஒருவர் விடாமல், "ஏனுங்க, நாய்க்குச் சோறு போடறதில்லீங்களா?" என்று கேட்டார்கள். எனக்குச் சர்க்கரை இறங்கியது. டாக்டரிடம் முதன்முறையாக உண்மையைச் சொன்னேன், அவர் நம்பவில்லை.

அக்கா தினமும் போன் செய்வார். "கால் நல்லா ஊணுதுங்களா?" "இன்னைக்கு எவ்வளவு தூரம் ஓடுச்சு?" "வெசை எப்படீங்க, முன்னைக்கு இப்ப எச்சா?" முதலில் அக்கறை என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் எனக்குச் சந்தேகம் தட்டியது. வீட்டில் வளர்க்கிற நாய்க்கு வேகத்தைப் பற்றி என்ன கேள்வி? சோறு தின்கிறதா, தூங்குகிறதா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லையே. கால் முழுசாகப் பலமாகிற வரைக்கும் என் செலவில் வளரட்டும், பிறகு வாங்கி வேட்டைக்காரர்களிடம் தள்ளலாம் என்று கணக்கோ? எல்லாரையும் முயலுக்கா முயலுக்கா என்று கேட்கிறவர், அந்த ஆட்களோடு பழக்கம் இல்லாமலா கேட்கிறார்?

அவர் ஒரே ஒரு முறை தன்னைப் பற்றிச் சொன்னதும் எனக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டியது. முன்பொரு நாயை, கிரானைட் போட்ட பெரிய வீடு என்று பார்த்து ஒருவருக்குக் கொடுத்தாராம். அவர் அதை முயலுக்குக் கூட்டிப்போய், பாழுங்கிணற்றில் விழுந்து நாய் செத்துப்போனதாம். "முன்பக்கம் மட்டும் பாத்துட்டுக் குடுத்துட்டனுங்க" என்றார். நல்ல கதை, என் மாதிரி ஆளே எழுதிக் கொடுத்தது போல இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்று எழுதவே கூசுகிறது.

அக்கா கம்பெனி ஹெச்.ஆர். எனக்குத் தெரிந்தவர்தான். மெதுவாக விசாரித்தேன். "அந்தக்கா பாஸ் பண்ணுனா பையரே பெட்டியத் தொறக்கறதில்லீங்க" என்று சிரித்தார். இவ்வளவு நல்ல பேர் இருந்தாலே உள்ளே ஏதோ இருக்கும் என்று முடிவு கட்டினேன்.

பிறகுதான் அந்த மொபெட். ஒரு நாள் விடியற்காலை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது, பனைமரத்தடியில் சிவப்பு மொபெட் ஒன்று நின்றது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வெளிக்குப் போக வந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் நின்றது. நான்காம் நாள் தோளில் கிடந்த துண்டை அடையாளம் தெரிந்தது. அக்காதான். என் வீட்டுக் கொல்லையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எட்டு மணி வாக்கில் எழுந்து வேலைக்குப் போனார். அதற்கடுத்த நாள் கூட இரண்டு ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் கயிறு.

என் மனதில் இருந்த அத்தனையும் பொருந்திவிட்டது. கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். பாபினை வழக்கம்போல் கொல்லையில் அவிழ்த்துவிடச் சுமதியிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே சுற்றுவழியில் போய்க் கிளுவை வேலிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு வயதில் சொந்த வீட்டை வெளியிலிருந்து ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தவன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா வந்தார். மொபெட்டை நிறுத்தி, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அறுத்த சோளக்காட்டில் ஒரு மயில் வந்து இறங்கியது. அகவியது.

கொல்லைக்குள்ளிருந்து என் துணிச் சுவர் வெளிப்பக்கம் புடைத்தது. பச்சை வலையோடு சேர்ந்து துணி நீண்டுகொண்டே வந்தது, நாயின் மூக்கும் தோளும் அச்சாகத் தெரிகிற வரைக்கும். அப்புறம் அடிக்கட்டு அவிழ்ந்து பாபின் வெளியே வந்துவிட்டது. நான் அது ஓடுவதை அதுவரை பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என்னோடு ஓடியதெல்லாம் எனக்காக ஓடியது. மயில் எழும்பிப் பறந்தபிறகும் அது நிற்கவில்லை. அந்தக் காட்டைத் தாண்டினால் ஒரு பாறைக் கரடு, கரட்டுக்கு அந்தப் பக்கம் பைபாஸ், லாரிகள். என் நாய் போய்விட்டது, நான் கட்டிய துணியால் போய்விட்டது என்று மட்டும் தோன்றியது.

அக்கா ஓடவில்லை. எழுந்து நின்று, டிபன் பாக்ஸ் மூடியைச் சாவியால் தட்டினார். டங் டங் டங் என்று மூன்று தட்டு. நிறுத்தி மறுபடியும் மூன்று தட்டு. காட்டின் கோடியில் அந்தச் செவலைப் புள்ளி பெரிய வட்டமடித்துத் திரும்பியது. கால் உடைந்து அவரிடம் கிடந்த இரண்டு மாதமும் அந்தச் சத்தத்துக்குத்தான் அதற்குச் சோறு வந்திருக்கிறது. வந்து அவர் காலடியில் விழுந்தது. துண்டைக் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, டிபனில் இருந்த கருவாட்டை ஊட்டிவிட்டு, நாலு பாதத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பி உள்பக்கம் பார்த்தார்.

பிறகு தலையைத் தூக்காமலே, "வேலிக்குப் பின்னால இருக்கறவரு எந்திரிச்சு வரலாமுங்க. முள்ளுக் குத்தப்போவுது" என்றார்.

எழுந்து போனேன். தயார் செய்து வைத்திருந்த கேள்வியைத்தான் கேட்டேன். "நாயத் தூக்கீட்டுப் போலாம்னுதானுங்க்கா தெனமும் வந்து உக்கார்றீங்க?"

"செவுரு நிக்குதான்னு பாக்கத்தானுங்க உக்கார்றேன்."

"அன்னைக்கு அந்த ரெண்டு பேரு?"

"ஆடு மேய்க்கறவங்க. நான் இல்லாதப்ப நாயி வெளிய வந்தாப் புடிச்சு வைங்கன்னு சொல்லி வெச்சனுங்க."

"அப்ப உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தண்ணி கேட்டனே, தாகத்துக்கா கேட்டேன்? ஸ்டிக்கர் ஒட்டீட்டுத்தானுங்க வந்தேன். நாப்பது நாளாச்சு, நீங்க பாக்கவே இல்ல."

திரும்பிப் போய்ப் பார்த்தேன். செடி வரிசைக்குப் பின்னால், துணியில் முழங்கால் உயரத்தில், என் வீட்டைப் பார்த்த பக்கத்தில் அந்த அம்பு இருந்தது. வெயிலில் வெளுத்திருந்தது.

"தெரிஞ்சும் எதுக்குங்க்கா குடுத்தீங்க?" என்று மறுபடி பனைமரத்தடிக்கு வந்து கேட்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"ஒம்பது ஊடு பாத்தனுங்க தம்பி. எட்டு ஊட்டுல செவுரு நல்லாயிருந்துச்சு, ஆளு செரியில்ல. உங்கூட்ல செவுருதான் செரியில்ல. நாயி கால்மேல படுத்துச்சு, மரத்துப்போயும் நீங்க காலை எடுக்கல பாருங்க, அத யாரும் ஆடிட்டுக்குச் செய்ய மாட்டாங்க. நீங்க செகண்ட்ஸ்தான், சின்னப் பழுதுதான், ரிஜெக்ட் இல்லீங்க." துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "சொன்னா மறுநாளே கட்டியிருப்பீங்க. எனக்குக் காட்டறதுக்கு. தெனமும் போன் பண்ணி எவ்வளவு தூரம் ஓடுதுன்னு கேட்டனே, ஒருநாளாவது, அக்கா, பின்னால செவுரு இல்லீங்கன்னு வாயில வரும்னு பாத்தேன். போச்சாதுங்க, போனது போவட்டும். கட்டுங்க. கட்டற வரைக்கும் நாயி என்கிட்ட."

துண்டைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார். பாபின் இரண்டு முறை திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து நான் அழுதேன், சுமதிக்கு முன்னால், மறைக்காமல்.

நாலு வருஷமாக முடியாத எல்லை அளக்கிற வேலை இரண்டு நாளில் முடிந்தது. காட்டுக்காரர், "இதச் சொல்லியிருந்தா அன்னைக்கே வந்திருப்பனே" என்றார். ஒன்பதாம் நாள் ஹாலோ பிளாக் சுவர் ஆறடிக்கு எழுந்துவிட்டது. ஒரே ஒரு மூலையில் வேப்பமரத்து வேர் குறுக்கே வந்ததால், அடியில் ஒன்றரை அடி நீளத்துக்குச் சாண் உயரச் சந்து விட்டு எழுப்பியிருந்தார் கொத்தனார். "இதுல எங்கீங்க நாயி நொழையப் போவுது" என்றார். நானும் சரி என்று ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை அதன் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

வந்தார். மொபெட்டில் இருந்து இறங்காமல், கேட் வாசலிலேயே கயிற்றைக் கையில் கொடுத்தார். பாபின் என் மேல் ஏறி முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வந்து பாத்துட்டுப் போங்க்கா. நல்லாக் கட்டியிருக்குது."

"பாக்க வேண்டாமுங்க சாமி" என்றார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு தினமும் போன் வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை பேசினோம், பிறகு அதுவும் நின்றது. இப்போது அந்த எண்ணுக்கு அடித்தால் யாரோ ஹிந்தியில் பேசுகிறார்கள். கம்பெனியை விட்டுப் போய்விட்டார் என்றார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பாபினுக்கு ஏழெட்டு வயதாகிறது, முகவாய் நரைத்துவிட்டது. இன்றும் டிபன் பாக்ஸ் சத்தம் கேட்டால் வாசல் கேட் பக்கம் ஓடுகிறது.

அக்கா நாயைக் கொடுத்துவிட்டுப் போன அன்று கேட்டை மூடிவிட்டு வெகுநேரம் நின்றேன். காலியான டீ கிளாஸைக்கூட நம்பாத மனுஷி அவர். பார்க்காமல் போனது நிஜமாகவே நம்பிக்கையா, இல்லை இதுவும் ஒரு பரிசோதனையா என்று என் புத்தி கிடந்து குடைந்தது. கடைசியில் கொல்லைக்குப் போய் அந்தத் தொட்டியை நகர்த்தினேன். மிச்சமிருந்த சிமெண்டைக் கையாலேயே குழைத்து, கல்லும் ஜல்லியும் வைத்து, வேரைச் சுற்றி அந்தச் சந்தை அடைத்தேன். விரலெல்லாம் எரிந்தது. பாபின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தவிர என்னைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. பனைமரத்தடியில் மொபெட் நிற்கிறதா என்று மட்டும் இரண்டு முறை சுவர்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.